நூறு கிராம்

செண்பகம் டீச்சருக்கு வயது நாற்பத்திரண்டு. மலையில் நடக்கச் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்தொன்று, ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முழங்கால் எந்தப் பதவிக்கும் சலாம் போடாது.

டீச்சரோடு ஒன்பது நாள் மலை நடைக்குக் கிளம்பிய ஆறு பேரில் நானும் ஒருத்தன். முதல் நாள் காலையில் ஏகாம்பரம் தன் பையைப் பிரித்துக் காட்டினார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்திருந்தார். சட்டையில் இருந்த லேபிளைக்கூட விட்டுவைக்கவில்லை, மனுஷன் அதையும் கத்தரித்திருந்தார். கடைசியாக, ஊன்றி நடப்பதற்கான, மூன்றாக மடங்கும் இரண்டு கார்பன் ஸ்டிக்குகளை எடுத்தார்.

"தூக்கிப் பாருங்க டீச்சர்."

டீச்சர் தூக்கிப் பார்த்தார். "அட, முருங்கைக்காயாட்டம் இருக்கே!"

"உங்க அலுமினிய ஸ்டிக்கைவிட நூறு கிராம் கம்மி."

"நூறு கிராமுக்கா சார் இந்தப் பாடு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல ஏகாம்பரம் ஆரம்பித்தார். "பையை ஒரு தடவை தோள்ல ஏத்தினா அதுபாட்டுக்கு இருக்கும். ஸ்டிக் அப்படி இல்ல, தூக்கித் தூக்கி ஊனணும். ஒரு நாளைக்கு இருபதாயிரம் ஸ்டெப்னா, ஒரு கைக்குப் பத்தாயிரம் தடவை. நூறு கிராமைப் பத்தாயிரம் தடவை தூக்கினா எவ்வளவு? ஆயிரம் கிலோ. ஒரு டன் டீச்சர்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. தன் ஸ்டிக்கை இரண்டு மூன்று தடவை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"கணக்கு சரி சார். இத்தனை வருஷமா எனக்கு இது தோணலையே."

அன்று முழுக்க ஏகாம்பரத்தைப் பிடிக்க முடியவில்லை.

நடக்கும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குள்ளேயே பேசிக்கொள்வார். திடீரென்று, "சேர் போடணுமாம், சேர்!" என்று சொல்லி ஸ்டிக்கால் ஒரு கல்லை ஓங்கித் தட்டுவார். ஏற்றத்திலும் தட்டுவார், இறக்கத்திலும் தட்டுவார். என்ன ஏது என்று நாங்கள் கேட்கவில்லை. அவருக்குப் பின்னாலேயே வந்த டீச்சரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் முழுக்கச் சரளை இறக்கம். மாலையில் ஏகாம்பரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியல டீச்சர். குறைக்க வேண்டியதெல்லாம் குறைச்சாச்சு. இன்னும் எதைத்தான் குறைக்கிறது?"

"பார்ப்போம் சார்," என்றார் டீச்சர். சுக்குத் தண்ணி கொதிக்க வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்தோம். தேனிக்கு இறங்கும் பஸ் நின்றிருந்தது. டிரைவர் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாக இல்லாத சிக்னல் அங்கே கிடைத்ததும் ஏகாம்பரத்தின் போன் அடித்தது.

அவருடைய தம்பி சபாபதியின் மனைவி பேசினார். சபாபதிக்கு மாரடைப்பு, நாளைக் காலையில் தேனியில் ஆபரேஷன். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் அண்ணனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"பார்க்கலாம்மா," என்று சொல்லி ஏகாம்பரம் போனை வைத்தார். எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். சொன்ன கையோடு பையை மாட்டிக்கொண்டார். "கிளம்பலாம் டீச்சர். அடுத்த ஏத்தம் பெரிசு."

"பஸ் நிக்குது சார்."

"அவன் மூஞ்சியில முழிக்கிறதில்லைன்னு இருக்கேன். பதினோரு வருஷம் ஆச்சு."

"என்ன சார் சண்டை?"

"சண்டையே கிடையாது. அப்பா செத்தப்போ நான் ஜபல்பூர்ல வேலையில இருந்தேன். ரயில் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. கடைசியா முகத்தைக்கூடப் பார்க்கலை. வாசல்ல கால் வைக்கிறேன், அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி இவன் சொல்றான், 'விருந்தாளி வந்திருக்காரு, சேர் போடுங்க'ன்னு. மூத்த பிள்ளை டீச்சர் நான்!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார் டீச்சர்.

"அப்புறம் என்ன, அந்த ஒரு வார்த்தைதான். அதை நான் பெரிசாவே எடுத்துக்கலை. சின்ன விஷயம்."

"எவ்வளவு சின்னது சார்? நூறு கிராம் இருக்குமா?"

"அதுகூட இருக்காது."

டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

பஸ் ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் குனிந்து, ஸ்டிக் இரண்டையும் மடக்கத் தொடங்கினார்.