பதினேழாம் எண் குப்பி

ஐம்பத்திரண்டு வயதில் யாராவது ஆராய்ச்சி மாணவராகச் சேருவார்களா? பால்துரை சேர்ந்தார். இருபத்தைந்து வருஷம் மாத்திரைக் கம்பெனியில் குப்பை கொட்டியவர். அண்ணனுக்குப் போட்ட மூத்திரக் குழாயில் கிருமி ஒட்டி, எந்த மருந்துக்கும் மசியாமல் ஆளையே கொண்டுபோனதும், வேலையை உதறிவிட்டு நெல்லைக்கு வந்துவிட்டார். அதே கிருமியை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, பதினேழாம் எண் குப்பியில் உறைய வைத்திருந்தார். அதைக் கொல்லாமல் விடுவதில்லை என்று வைராக்கியம்.

வழிகாட்டி மெஹர்பானு அவரைவிடப் பதினாறு வயது இளையவர். அந்த அம்மா இவரை "சார்" என்பார். இவர் அந்த அம்மாவை "மேடம்" என்பார்.

பழைய மருந்தொன்றின் மூலக்கூறை வெட்டி ஒட்டிப் புது மருந்து செய்வதுதான் பால்துரையின் வேலை. நாற்பத்திரண்டு தடவை பல்லிளித்தது. நாற்பத்துமூன்றாவது, தண்ணீரில் மிதக்கிற கிருமியை ஒன்றுவிடாமல் கொன்றது. ஆனால் அதே கிருமி குழாய்த் துண்டில் வழவழவென்று படலம் கட்டி உட்கார்ந்துவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று மாதத்துக்குள் படலத்தை உடைக்காவிட்டால் ஆய்வை மூடிவிடுவோம் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"பத்து மடங்கு மருந்து ஊத்திட்டேன் மேடம். கல்லுளிமங்கன் மாதிரி கெடக்கு. இன்னும் என்னதான் செய்ய?"

"வாங்க சார், டீ குடிப்போம்."

டீ அறைச் சுவரில் ஒரு விரிசல். உள்ளே எறும்பு. பால்துரையே விரிசலைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் ஏழெட்டுக் கோடு இழுத்து வைத்திருந்தார்.

"எறும்பு செத்துச்சா?"

"எங்க? வெளிய வந்து கோட்டை மிதிச்சாத்தானே சாகும்? உள்ளேயே உக்காந்துகிட்டு அழிச்சாட்டியம் பண்ணுது."

மெஹர்பானு ஒரு சிட்டிகை சீனியை எடுத்துக் கோட்டுக்கு வெளியே வைத்தார். டீ ஆறுவதற்குள் ஓர் எறும்பு தலையை நீட்டியது. பின்னாலேயே ஒரு படை, கோடுகளை மிதித்துக்கொண்டு வந்தது.

"குழாய்த் துண்டை மருந்துல போடுறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"உப்புத் தண்ணியில மூணு அலசு அலசி, ரெண்டு நாள் அதுலயே வெப்பேன். துளி அழுக்கு இருக்கக் கூடாதில்லையா? கம்பெனிப் பழக்கம்." பெருமையாகத்தான் சொன்னார்.

"அந்த ரெண்டு நாளும் அதுக்குச் சோறு?"

பால்துரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பட்டினியில் சுருண்டு தூங்குகிற கிருமி எதையும் உள்ளே இழுக்காது. மருந்து வாசலோடு நின்றுவிடும். உடம்புக்குள்ளேயும் படலத்தின் அடியில் அது அப்படித்தானே கிடக்கும்!

"அட, மடப்பயலே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு மேஜைக்கு ஓடினார்.

கிருமி இரையென்று விழித்து மருந்தையும் சேர்த்து உள்ளே இழுக்கட்டும் என்று, மருந்தின் வாலில் ஒரு சர்க்கரையைக் கோத்து முடிக்கப் பதினொரு வாரம் ஆனது. கெடுவுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். பதினேழாம் எண் கிருமி கட்டிய படலத்தில் புது மருந்தை விட்டார். அந்தத் துண்டைச் சுரண்டி வளர்ப்புத் தட்டில் தடவினார். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை.

"மேடம்! செத்துச்சு மேடம்! பூண்டோட செத்துச்சு!"

கட்டடம் முழுக்கக் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய ஆள் வராந்தாவில் குதித்தார். சிரித்தார், அழுதார், வாட்ச்மேனைக் கட்டிப் பிடித்தார். மெஹர்பானு மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று தடவையும் தட்டு வெறுமையாகவே இருந்தது. கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அன்று சாயங்காலம் பால்துரை உறைபெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்துவந்தார்.

"எங்க அண்ணனைக் கொண்டுபோனது மேடம் இது. ஜெயிச்சாச்சு. பொசுக்கிடட்டுமா?"

மெஹர்பானு குப்பியை வாங்கி, மறுபடியும் அதன் இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"நாப்பத்திரெண்டு தடவை உங்களுக்குத் தப்புன்னு சொல்லித் தந்தது யாரு சார், நானா? வாத்தியாரை யாராவது பொசுக்குவாங்களா?"