யாரது என்று கேட்ட மூட்டம்

முன்னொரு காலத்தில், மழை கூப்பிடாமலே வந்துகொண்டிருந்த காலத்தில், பாக்குவனம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் ஒரு மலை, மூட்டமலை. மலை உச்சியில் ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மதகு. மழைக்காலத்தில் யாராவது ஏறிப்போய் மதகை அடைத்திருக்கும் கல்லை இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டால் தண்ணீர் ஓடை வழியாக நல்லபிள்ளையாக இறங்கிப் போகும். இழுக்காவிட்டால் ஏரி உடையும். உடைந்தால் நேர் கீழே இருக்கிற அடிவாரப்பட்டி இருந்த இடம் தெரியாமல் போகும்.

போன வருஷம் அரண்மனை ஆட்கள் மூன்று பேர் போய்த் திறந்துவிட்டு வந்தார்கள். ராஜா ஆளுக்கொரு பொன்காப்புப் போட்டார். இந்த வருஷம் அதே மூவரைக் கூப்பிட்டால், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு வயிற்றுவலி, மூன்றாமவருக்கு என்ன வலி என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சரியென்று படைவீரர்கள் ஐந்து பேர் போனார்கள். திரும்பி வந்தது ஒருவன். அவனும் போர்வைக்குள் புகுந்துகொண்டு, "மூட்டம், மூட்டம்" என்று சொன்னானே தவிர வேறு வார்த்தை பேசவில்லை. மழை மட்டும் விடவில்லை.

அடிவாரப்பட்டியில் வெள்ளச்சி என்றொரு பெண் கயிறு திரித்துப் பிழைத்துவந்தாள். வாய் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும், மனசு அப்படியில்லை. அவளுக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருத்தி காத்தாயி, ஊர்த் துணியெல்லாம் வெளுப்பவள். இன்னொருவன் மொக்கையன், பானை வனைபவன். வனைந்த பானையில் பாதியில் சோறு இருக்கும், அதையும் அவனே தின்பான்.

"படைக்காரங்களே போய் வரல. வேற யாரு போவா?" என்றாள் காத்தாயி.

"வீடு நம்முளுது. அடிச்சுக்கிட்டுப் போனா நம்ம வீடுதான் போகும்" என்றாள் வெள்ளச்சி. "கிளம்புங்க."

மூவரும் மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டார்கள். அட்டை கடித்தால் வைக்க ஒரு துணியில் உப்பு முடிந்துகொண்டார்கள். வெள்ளச்சி தான் திரித்த நீளக் கயிற்றில் மூன்று வளையம் போட்டு ஆளுக்கொன்றாக இடுப்பில் மாட்டிவிட்டாள். மூட்டத்தில் பக்கத்து ஆள் தெரியாது. கயிறு தெரியும் அல்லவா.

மழை பெய்தது, மூட்டம் இறங்கியது, மூன்று பேர் ஏறினார்கள்.

முதல் வளைவு தாண்டியதும் மூட்டம் பாலாடைபோல் கெட்டியாகிவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரது?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து பழகாதவன் மொக்கையன். "நாங்க மூணு பேரு, அடிவாரப்பட்டி" என்றான்.

"நாங்களா? சரி" என்றது குரல்.

கயிறு தொய்ந்தது. வெள்ளச்சி பிடித்து இழுத்தாள். மொக்கையனின் வளையம் முடிச்சு அவிழாமல் அப்படியே வந்தது, உள்ளே மொக்கையன் இல்லை. கத்தினார்கள், தேடினார்கள், பாறைக்குப் பின்னால் பார்த்தார்கள். இல்லை. காத்தாயி திரும்பிப் போகலாம் என்று அழுதாள்.

"அவனை விட்டுட்டா? மேல போய்த் தேடுவோம்" என்றாள் வெள்ளச்சி.

மழை பெய்தது, மூட்டம் இறங்கியது, இரண்டு பேர் ஏறினார்கள்.

இரண்டாம் வளைவில் மறுபடியும், "யாரது?" இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். "யாரது?" அப்போதும் பேசவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது குரல் கம்மிப்போய் மொக்கையன் குரல்போலவே இருந்தது. காத்தாயிக்கு இளகின மனசு. பொறுக்க முடியவில்லை.

"நாங்கதாண்டா. நீ எங்கடா போனே?" என்றுவிட்டாள்.

"நாங்களா? சரி."

வெள்ளச்சி கையில் இரண்டு வெறும் வளையங்கள் இருந்தன.

அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து கூடவே திரிந்த இரண்டு பேர். கிளம்புங்க என்று சொன்னதும் அவள்தான். அழுது தீர்த்தாள். பிறகு காலில் ஏறிய அட்டைக்கு உப்பு வைத்துவிட்டு எழுந்தாள், ஏனென்றால் ஏரி யாருக்காகவும் காத்திருக்காது.

மழை பெய்தது, மூட்டம் இறங்கியது, ஒருத்தி ஏறினாள்.

மூன்றாம் வளைவில் குரல் கேட்டது. "யாரது?"

வெள்ளச்சிக்குப் பயம் போய்க் கோபம் வந்திருந்தது. "யாரதுவாம், யாரது. இருந்தவங்களைத்தான் விழுங்கியாச்சே. இந்த மலையில இனிமே வேற யாரு இருக்கா? நாம ரெண்டு பேருதான்" என்றாள்.

மூட்டம் அவள் பக்கமாக நகர்ந்து வந்தது.

"என்ன சொன்னே?" என்றது குரல்.

"காது கேக்கலையா? நாமதான்னேன்."

அப்போது அவளுக்கு எதிரே தரையில் இரண்டு கால்கள் தெரிந்தன. மனுஷக் கால்கள். முழங்காலுக்கு மேலே வெறும் மூட்டம். ஒரு கால் வளைந்து, முறிந்து கூடியதுபோல் இருந்தது.

"என் பேரு விருமன்" என்றது மூட்டம். "இந்தச் சரிவுல தனியா விறகு வெட்டிக்கிட்டிருந்தேன். போன வருஷம் அரண்மனைக்காரங்க மூணு பேரு வந்தாங்க. வழி காட்டுன்னாங்க, காட்டினேன். கல்லை இழுன்னாங்க, இழுத்தேன். இறங்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிஞ்சுபோச்சு. 'நாங்க போய் ஆள் கூட்டியாறோம்'னு சொல்லிட்டுப் போனாங்க. கத்திக் கத்திப் பார்த்தேன். ஆள் வரல. ஒரு மந்திரவாதிதான் வந்தான்."

"அவன்கிட்ட என்ன கேட்டே?"

"கூட்டமா ஏறுறவங்க கூட்டமா இறங்கக் கூடாதுன்னு கேட்டேன். கொடுத்தான். பதிலுக்கு என் உடம்பை எடுத்துக்கிட்டான். இது எப்படித் தீரும்னும் சொன்னான். அதை நான் வெளியில சொன்னா அது பலிக்காது."

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு நான் சொல்லலாம், எனக்கு எந்த மந்திரவாதியும் தடை போடவில்லை. 'நாங்கள்' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். 'நாம்' என்றால் கேட்கிறவனும் உள்ளே வந்துவிடுகிறான். கூடி ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக அவனை உள்ளே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் மந்திரவாதி வைத்த பூட்டு.

இதெல்லாம் வெள்ளச்சிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "நீ பட்டது பாவம்தான்" என்றாள். "ஆனா உன்னை விட்டுட்டுப் போனது காத்தாயி இல்ல, மொக்கையன் இல்ல. அவங்களை விடு."

"விட்டா நீ அவங்களோட சேர்ந்துக்குவே."

"சேர்ந்துக்குவேன்தான். அதுக்காக உன்னை விட்டுட்டா போவேன்? மதகு எங்கேன்னு உனக்குத்தானே தெரியும்."

மூட்டம் யோசித்தது. பிறகு ஒரு பக்கம் விலகியது. விலகின இடத்தில் காத்தாயியும் மொக்கையனும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். வெள்ளச்சி ஓடிப்போய் இருவரையும் கட்டிக்கொண்டாள். பிறகு விருமன் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

காத்தாயி அந்த வளைந்த காலைப் பார்த்து, "அய்யோ, ஒரு வருஷமா தனியாவா கிடந்தே?" என்றாள். "சரி வா, நாம மேல போகலாம். மழை வலுக்குது."

சொன்னதும் மூட்டத்தில் உடம்பும் முகமும் தெரிந்தன. தாடி வளர்ந்த, கண் கலங்கிய முகம். தோளுக்குக் கீழே இன்னும் கைகள் வரவில்லை.

மொக்கையன் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றான். "மூட்டத்துக்குள்ள பட்டினி போட்டுட்டான். நாங்க பார்த்துக்கறோம், இவன் தள்ளியே வரட்டும்" என்றான். விருமன் தள்ளியே வந்தான்.

மழை பெய்தது, மூட்டம் இறங்கியது, நாலு பேர் ஏறினார்கள்.

உச்சியில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு விரிசல், கை நுழைகிற அகலம். அதன் வழியே மண் கரைந்து ஓடியது. மதகுக் கல்லை விருமன் முகத்தாலேயே காட்டினான். கல்லில் ஓர் இரும்பு வளையம் இருந்தது. வெள்ளச்சி கயிற்றை அதில் கட்டினாள். மூவரும் பிடித்து இழுத்தார்கள். கல் அசையவில்லை. கால் புதைய இழுத்தார்கள். அசையவில்லை. உள்ளங்கை தோல் உரிய இழுத்தார்கள். அசையவில்லை. கரையில் ஒரு பாளம் சரிந்து விழுந்தது.

"இது நாலு ஆள் இழுக்கிற கல்லு" என்றான் விருமன். "எனக்குக் கையில்ல."

மொக்கையன் திரும்பி அவனைப் பார்த்துக் கத்தினான். "கையில்லாட்டி வாயால கடிச்சு இழுடா. கரை உடைஞ்சா நாம நாலு பேரும் ஒண்ணாத்தான் போவோம்."

கயிற்றின் கடைசியில் இரண்டு கைகள் வந்து பிடித்தன. விறகு வெட்டிக் காய்ப்பேறிய கைகள். நாலு பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். கல் பெயர்ந்தது, நாலு பேரும் மல்லாந்து விழுந்தார்கள், தண்ணீர் ஓடைக்குள் பாய்ந்தது. எழுந்து பார்த்தால் மலையில் மூட்டமே இல்லை. அடிவாரப்பட்டியின் கூரைகள் கீழே தெளிவாகத் தெரிந்தன. காணாமல் போன படைவீரர்கள் நாலு பேரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, எப்போது விடிந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விருமனால் வேகமாக இறங்க முடியவில்லை. "நீங்க முன்னால போங்க" என்றான். யாரும் போகவில்லை. வழுக்குகிற இடங்களில் மொக்கையன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டான், பசிக்கிறது என்று புலம்பிக்கொண்டேதான்.

ஓடைக்கரையில் ராஜா வந்து நின்றிருந்தார். அரண்மனை ஆட்கள் மூவரும் வந்திருந்தார்கள்; தண்ணீர் ஒழுங்காக இறங்கியதும் வலியெல்லாம் போய்விட்டதாம். மொக்கையன் முதுகிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் மூன்று முகமும் வெளுத்தன. ராஜா ஒரு கேள்விதான் கேட்டார், மூவரும் முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார்கள். காப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு வருஷம் உட்கார்ந்து தின்ற கை, எண்ணெய் போட்டுத்தான் கழன்றது. மூவரையும் அன்றே நாட்டை விட்டு அனுப்பினார்.

பிறகு, "இந்த வருஷம் மதகைத் திறந்தது யார்?" என்று கேட்டார்.

விருமன் பழக்கதோஷத்தில் பின்னால் நகர்ந்தான். வெள்ளச்சியும் காத்தாயியும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மொக்கையன் அவன் விலாவில் ஓர் இடி இடித்து, "கேக்குறாருல்ல, சொல்லு" என்றான்.

"நாங்க, மகாராஜா" என்றான் விருமன். "நாங்க நாலு பேரு."

பிறந்ததிலிருந்து தனியாகவே இருந்தவன், அந்தச் சொல்லைத் தன்னையும் சேர்த்து அதுவரை அவன் சொன்னதேயில்லை. சொன்னதும் அழுதுவிட்டான். மொக்கையனும் அழுதான், கேட்டால் மழைத்தண்ணி என்றான். மழை அப்போதே விட்டிருந்தது.

ராஜா நாலு பேருக்கும் காப்புப் போட்டார். விருமனுக்கு அடிவாரப்பட்டியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் அவர்கள்தான் மலை ஏறினார்கள், அவன் நடைக்குத் தக்கபடி மெதுவாக. ஏரி நிறைந்தது, ஓடை நிறைந்தது, கதையும் நிறைந்தது.