கால் இழுத்த வாத்து

"எனக்கு வேற பிள்ளை குடுங்க, மேடம்."

ஆசிரியர் அறை வாசலில் நின்றபடியே சொன்னாள் பிரிசில்லா. உள்ளே கூப்பிடும் வரைக்கும்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

கோமதி மேடம் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை ஓரமாக வைத்தார்.

"உள்ள வா. எந்தப் பிள்ளை?"

"இசக்கியம்மாள். நாலாம் வகுப்பு."

அந்தக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவிகள் புதன்கிழமை மதியமானால் பக்கத்து ஊர் தொடக்கப் பள்ளிக்குப் போவார்கள். ஆளுக்கு ஒரு பிள்ளை, ஒரு கதைப் புத்தகம். சேர்ந்து வாசிக்க வேண்டும். வாசித்ததைப் பற்றிப் பேச வேண்டும். வேறு வேலை கிடையாது. ஏற்பாடு கோமதி மேடத்தினுடையது.

"அவளுக்கு வாசிக்க வரலையா?"

"தண்ணி மாதிரி வாசிக்கா, மேடம். கேள்வி கேட்டாத்தான் வாயைத் திறக்க மாட்டேங்கா."

"அப்போ நீ என்ன செய்வ?"

"நானே பதிலைச் சொல்லிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருவேன். வேற என்ன செய்ய? மத்தவங்க பிள்ளைங்கள்லாம் என்னமா பேசுது! எனக்குன்னு ஒரு சுவரு வாய்ச்சிருக்கு."

"என்ன கதை?"

"வாத்து மேய்க்கிறவங்க கதை. குளம் வத்திப்போகுது. அடுத்த குளத்துக்கு வாத்துகளை ஓட்டிட்டுப் போறாங்க. ஒரு வாத்துக்குக் கால் இழுத்துக்கிடுது. அதை வழியிலேயே விட்டுட்டுப் போயிடுறாங்க. அது தத்தித் தத்தி, காடு மேடெல்லாம் நடந்து, கடைசியில அவங்ககிட்டயே போய்ச் சேர்ந்திருது. எல்லாரும் கைதட்டுறாங்க. விடாமுயற்சிதான் கதை."

"அதுல உனக்குப் பிடிக்காதது எது?"

"எல்லாம் பிடிச்சிருக்கு மேடம்."

கோமதி மேடம் நாற்காலியில் சாய்ந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபமாகப் பார்க்கவில்லை. சோதிப்பது போலவும் இல்லை. வீட்டுக்கு வருகிற ஆளைத் தெருமுனையிலேயே கண்டுவிட்டு, வரட்டும் என்று நிற்பவர் பார்ப்பதுபோல இருந்தது.

"படம்கூட நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் பிரிசில்லா.

மேடம் தலையசைத்தார்.

பக்கத்து மேசைக்காரர்கள் வகுப்புக்கு எழுந்து போனார்கள். மின்விசிறி கடகடத்தது.

"நான் கிளம்பட்டுமா மேடம்?"

பதில் இல்லை. போகச் சொல்லவும் இல்லை.

எரிச்சல் வந்தது. பிறகு அதுவும் அடங்கியது. சன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரும் திரும்பிப் பாக்கல" என்றாள் திடீரென்று.

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"விட்டுட்டுப் போகும்போது ஒருத்தர்கூட அந்த வாத்தைத் திரும்பிப் பாக்கல, மேடம். அதுதான் பிடிக்கல."

"இது முதல்லயே தெரியுமா உனக்கு?"

"இல்ல. இப்பத்தான் வந்துச்சு."

கோமதி மேடம் விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"புதன்கிழமை பஸ்ஸை விட்டுராத" என்றார்.

*

பிரிசில்லா பஸ்ஸை விடவில்லை.

வகுப்பறையின் கடைசி மூலையில், பீரோவை ஒட்டி, இசக்கியம்மாளோடு பாயில் உட்கார்ந்தாள். கால் இழுத்த வாத்து தனியே நிற்கும் பக்கத்தை இருவரும் வாசித்தார்கள்.

"இந்த இடத்துல அந்த வாத்துக்கு எப்படி இருந்திருக்கும்?"

இசக்கியம்மாள் பாயின் கோரையைப் பிய்த்தாள்.

பதில் பிரிசில்லாவின் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அறை முழுக்கப் பேச்சும் சிரிப்பும். அந்த மூலையில் மட்டும் சத்தமில்லை.

"என்னடி, ரெண்டு பேரும் தவமிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் ஒரு தோழி.

பிரிசில்லா அசையவில்லை. அன்று இசக்கியம்மாள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த புதனும் அப்படியேதான் போனது. மற்றவர்கள் புத்தகத்தை முடித்து, படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். இவர்கள் அதே பக்கத்தில் இருந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது பிரிசில்லாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அதற்கடுத்த புதன் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறினாள்.

அன்றைக்குத் தலைமை ஆசிரியர் மூலைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஆண்டுவிழா வருது. பிள்ளைங்க மேடையேறி கதை சொல்லணும். உனக்கு நல்லாப் பேசுற பிள்ளையாப் பாத்துத் தரட்டுமா?"

"வேண்டாம் சார்."

"இவளுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. பெரியம்மா வீட்ல விட்டுருக்கு. யார்கிட்டயும் ஒட்ட மாட்டா. உன்னைக் குத்தம் சொல்லல. ஊமையை வச்சுக்கிட்டு நீயும் என்ன செய்வ?"

இசக்கியம்மாள் குனிந்துகொண்டாள்.

பிரிசில்லா எழுந்து நின்றாள்.

"இவ ஊமை இல்ல சார். பேசுறப்போ பேசட்டும். பேசலைன்னாலும் எனக்கு இவதான்."

"மேடையில?"

"நாங்க மேடைக்கு வரல சார்."

அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பாய்க்கு நகர்ந்தார்.

பிரிசில்லா உட்கார்ந்தாள். கேள்வியை மறுபடி கேட்கவில்லை. புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்து வைத்தாள்.

வெயில் சன்னலிலிருந்து இறங்கிப் பாயின் விளிம்பைத் தொட்டது.

"ஏக்கா."

இசக்கியம்மாள்தான் கூப்பிட்டாள்.

"அந்த வாத்து ஏன் அவங்ககிட்டயே போச்சு?"

பிரிசில்லா அவள் பக்கம் திரும்பினாள்.

"அவங்கதான வேண்டாம்னு விட்டுட்டுப் போனாங்க? வழியில வேற குளமே இல்லையா?" இசக்கியம்மாள் படத்தின்மேல் விரலை வைத்தாள். "இந்தா, இங்க ஒரு குளம் போட்டிருக்கு. தண்ணி கிடக்கு. இதுல இறங்கியிருக்கலாம்ல?"

பிரிசில்லா குனிந்து பார்த்தாள். படத்தின் ஓரத்தில், பனைகளுக்குப் பின்னால், விரல்நகம் அளவுக்கு ஒரு நீலம். இத்தனை நாள் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"நீங்களா இருந்தா அவங்ககிட்டப் போவீங்களாக்கா?"

பிரிசில்லா வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்று இருந்தது. விடாமுயற்சியைப் பற்றி புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்திருந்தது. நல்ல வாக்கியம்தான்.

அதை அவளால் சொல்ல முடியவில்லை.

பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

இசக்கியம்மாள் எழுந்திருக்கவில்லை. பாவாடையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். "நான் இருக்கேன்."