செல்லக்கனி கேட்ட தேதி

சாத்தூர்ப் பக்கம் ஒரு காராச்சேவுக் கம்பெனி. அங்கே குவாலிட்டி மேனேஜராக நவநீதன் வந்து சேர்ந்தார். வந்ததும் எண்ணெய்ச் சட்டிக்குள் ஒரு சென்சாரைப் பொருத்தி, சுவரில் பெரிய டிவியை மாட்டி, "இனி மூக்குக்கும் நாக்குக்கும் இங்கே வேலையில்லை" என்று அறிவித்தார். டிவி எந்நேரமும் பச்சைதான் காட்டியது. சேவு மட்டும் கருகிப்போய், கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது.

முதலாளி குதித்தார். மேனேஜர், சேவு பிழிகிற செல்லக்கனியைக் கை காட்டினார். "சூடு நூத்தியெண்பதைத் தாண்டவே இல்ல சார். மூணு மாச ரெக்கார்டு இருக்கு. கோளாறு இந்தம்மா கையிலதான்."

"எண்ணெய் புகையுதுன்னு தினமும் சொன்னேனே சார்."

"மெஷின் பொய் சொல்லாது. இந்த ரெக்கார்டுல ஒரே ஒரு தப்பைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

செல்லக்கனிக்கு டிவியில் தெரிந்த வளைகோடுகள் ஒன்றும் புரியாது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆயுத பூஜை அன்னைக்கு என்ன காட்டுது சார்?" என்று கேட்டாள்.

மேனேஜர் பெருமையாக அந்தத் தேதியைத் தட்டி டிவியில் காட்டினார். காலை முதல் மாலை வரை நூற்றெண்பது டிகிரி. தரம் நூற்றுக்கு நூறு.

"அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலையே மொதலாளி. சட்டியைக் கழுவி, சந்தனம் பூசி, உள்ளே பொரியும் கடலையும் நீங்கதானே கொட்டி வச்சீங்க?"

முதலாளி மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பினார்.

செல்லக்கனி விடவில்லை. "அந்தச் சட்டியிலேர்ந்து ரெண்டு கை அள்ளித் தின்னீங்களே சார். வாய் சுடலையா?"