கமிஷனர் நட்ட கல்

அந்தத் தீவில் மானே கிடையாது. கமிஷனர் வைத்தியலிங்கம்தான் கப்பலில் புள்ளிமான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டார். அதன் ஞாபகமாகத் தன் பெயரைப் பொறித்து ஒரு கல்லும் நட்டார். மான்கள் அதில் முதுகு தேய்க்கக் கூடாதென்று சுற்றிலும் கம்பிவேலி போட்டார்.

பல வருஷம் கழித்துக் காட்டை ஆராய வந்த பிலோமினா, முளைக்கிற கன்றையெல்லாம் மான்கள் மேய்ந்துவிடுகின்றன, காடு அழிகிறது என்று சொல்லிவிட்டாள். கமிஷனருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கப்பலிலேயே வந்து இறங்கினார்.

"மான் தின்ன செடியைக் காட்டும்மா, பார்ப்போம். முடியலைன்னா நாளைக் கப்பலுக்கு மூட்டையைக் கட்டு."

வயிற்றுக்குள் போன செடியை எங்கே போய்க் காட்டுவது? பிலோமினா அசரவில்லை.

"காட்டறேன் சார். அதுக்கு முன்னால உங்க கல்லை ஒரு தடவை பார்த்துடலாமா?"

கமிஷனருக்கு அந்த ஆசை இருக்காதா? முன்னால் நடந்தார். வழியெல்லாம் பெரிய மரங்கள். அடியில் பெருக்கி விட்டதுபோல வெறும் மண். வேலிக்குள் மட்டும் ஆளுயரத்துக்குச் செடிகள் மண்டிக் கிடந்தன. கல்லையே காணோம்.

"என் பேரை மறைச்சுக்கிட்டு இங்கே மட்டும் எப்படி இவ்வளவு செடி வளர்ந்துச்சு?" என்று கத்தினார்.

"இங்கே மட்டும்தான் சார், மான் நுழையாம நீங்க வேலி போட்டிருக்கீங்க."

மறுநாள் கப்பலில் கமிஷனர் மட்டும்தான் ஏறினார்.