மேசைக்குப் பின்னால் போன வயர்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன மடம். அதன் குரு திலகவதி அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் சங்கரலிங்கத்துக்கு அறுபது. சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேருக்கும் இது சரியாகவே இருந்தது.

சங்கரலிங்கம் முன்பு தன் தம்பி ஆவுடையப்பனோடு சேர்ந்து கல்யாண வீடியோக் கடை நடத்தியவர். கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தபோது தம்பி தன் பெயரை மட்டும் எழுதிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் மடத்துக்கு வந்து சேர்ந்தார். வரும்போது தன் கம்ப்யூட்டரையும் கோபத்தையும் மறக்காமல் எடுத்து வந்தார்.

அம்மாவின் பேச்சை வீடியோவாக்குவது அந்தக் கம்ப்யூட்டரில்தான். பாவம், அதற்கு வயதாகிவிட்டது. திரையில் அம்மா வாயைத் திறப்பார், சொல் வர நேரமாகும். அறைக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் அதை மௌனம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பக்தர் ஒருவர், படம் திக்காமல் ஓடுவதற்கென்று புது கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தந்தார். அண்ணாச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். கார்டைச் செருகி ஸ்க்ரூ முடுக்கினார். கம்ப்யூட்டரைப் பழையபடி சுவரோரம் தள்ளி, மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி வயர்களை மாட்டினார்.

கார்டின் விசிறிகள் ஜம்மென்று சுற்றின. படம் மட்டும் பழையபடியே திக்கியது.

என்னென்னவோ செய்து பார்த்தார். மத்தியானச் சோறு இறங்கவில்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, மொகம் தொங்கிக் கெடக்கு?”

“புதுசு போட்டும் பழசாவே இருக்கும்மா. என்னைய மாதிரி.”

“உங்களுக்கு என்ன?”

“நீங்க உபதேசம் குடுத்தீங்க. நானும் தெனமும் தியானத்துல உக்காருதேன். கண்ண மூடினா தம்பி மூஞ்சிதான் வருது. இப்ப அவன் மகளுக்குக் கல்யாணமாம். விடாம போன் பண்ணுதான். நான் எடுக்கல.”

“ம்.”

“இந்த உபதேசம் எனக்குப் பத்தலம்மா. பெருசா வேற ஒண்ணு குடுங்க. இல்லன்னா நான் வேற மடம் பாத்துப் போறேன்.”

சொல்லிவிட்டாரே ஒழிய, போக்கிடம் என்று வேறு எதுவும் அவருக்கு இல்லை.

அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மானிட்டரைச் சுற்றிப் பார்த்தார்.

“இதுக்குள்ள படம் எப்படி வருது?”

“இந்த வயர் வழியா.”

அம்மா அந்த வயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்குப் பின்னால் போனார்.

“எங்க போயி முடியுதுன்னு வந்து பாருங்க.”

அண்ணாச்சி முட்டிபோட்டுக் குனிந்தார். கார்டில் மாட்ட வேண்டிய இடம் சும்மா கிடந்தது. அதற்கு மேலே, பல வருஷமாக இருந்த அதே பழைய இடத்தில் வயர் இறுக்கமாக மாட்டியிருந்தது; படம் புதுக் கார்டைத் தொடாமலே வந்துகொண்டிருந்தது. பழகிய கை, கண்ணைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிட்டது. தொழில் தெரிந்தவர் அல்லவா, வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பிடுங்குங்க,” என்றார் அம்மா.

“ஓடிக்கிட்டிருக்கும்மா. பிடுங்கினா எல்லாம் இருட்டாயிரும்.”

“ஆகட்டும்.”

பிடுங்கினார். திரை கறுத்தது. வயரைக் கார்டில் மாட்டிவிட்டு எழுந்து நின்றார். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு திரையில் அம்மா வாயைத் திறந்தார், சொல்லும் கூடவே வந்தது.

“நான் இவ்வளவு வேகமாவா பேசுதேன்?” என்று அம்மா சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். அந்த அறையில் அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மேசையில் இருந்த போன் அடித்தது. தம்பி.

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது.

“எடுக்கலையா?”

“எடுத்தா அவன் அழுவான். நானும் அழுதுருவேன். அப்புறம் இந்தக் கோவம் போயிரும்.”

“போனா என்ன?”

அண்ணாச்சி போனையே பார்த்தார். “அது இல்லாம நான் யாருன்னே எனக்குத் தெரியலம்மா.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும் அண்ணாச்சி. ஆகட்டும்.”