பன்னிரண்டாவது ‘இல்லை’

சிஷ்யைக்குக் குருவைவிட ஒன்பது வயது அதிகம். ஜெசிந்தாவின் எரிச்சலில் பாதி அதனால்தான்.

இருபத்திரண்டு வருஷம் பிரசவ வார்டில் நின்ற நர்ஸ் அவள். "முக்கும்மா, முக்கு!" என்று அவள் போட்ட அதட்டலில் அந்த ஊரில் பாதிப் பேர் பிறந்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு அடிவயிற்றைத் தாங்கும் தசை தளர்ந்துபோன பெண்களுக்கென்று ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் அறை திறந்து, அவளை அங்கே மாற்றிவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் வகிதாவிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டுமாம். வகிதாவுக்கு வயது முப்பத்தெட்டு. பக்கத்தில் போய் நின்றால்தான் குரல் கேட்கும்.

மூன்றாவது வாரம் ஜெசிந்தா படிவக் கட்டை மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"பதினொரு பேர் மேடம். தும்மினா, இருமினா, சிரிச்சா சிறுநீர் கசியுதான்னு ஒவ்வொருத்தியையும் கேட்டேன். பதினொண்ணும் ‘இல்லை’."

"நீங்க நம்புறீங்களா சிஸ்டர்?"

"எப்படி நம்புறது? ஒருத்தி கறுப்புப் புடவையைத் தவிர வேற கட்டுறதில்ல. இன்னொருத்தி உட்காரும் முன்னாலயே பாத்ரூம் எங்கேன்னு பார்த்து வச்சுக்கறா. வேகாத வெயில்ல வந்தவளுக்குத் தண்ணி குடுத்தா, வேண்டாங்கறா. அத்தனையும் பொய்! அதே பொம்பளைங்க உங்ககிட்ட மட்டும் எல்லாத்தையும் கொட்டுறாங்க. அப்படி என்னதான் கேப்பீங்க?"

வகிதா வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் எழுதுங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

ஜெசிந்தா உச்சுக்கொட்டிக்கொண்டே எழுதினாள். பிள்ளைகள் இரண்டு, இரண்டும் சுகப்பிரசவம். இரண்டாமவன் நாலு கிலோ; அதை மட்டும் கொட்டை எழுத்தில். கீழே கேள்விகள் வரிசையாக இருந்தன. இல்லை. இல்லை. இல்லை.

வகிதா படித்தாள். மேஜை டிராயரிலிருந்து ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தாள்.

"பத்துத் தடவை குதிங்க சிஸ்டர்."

"நல்லா இருக்கே! இந்த வயசுல குதிக்கவா? எனக்கு முட்டி வலி மேடம்."

"முட்டி வலின்னு எழுதலையே."

ஜெசிந்தா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவள் படித்த கான்வென்டில் பெண்ணின் உடம்பு இடுப்போடு நின்றுவிடும். மறுபடி முழங்காலில்தான் தொடங்கும். நடுவில் இருப்பதற்குப் பெயர் கிடையாது, ஆகவே அதற்கு நோயும் கிடையாது. தும்மல் வருவது தெரிந்ததும் கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொள்ள அவளாகவே பழகியிருந்தாள். லாக்கரில் இரண்டு செட் மாற்றுத்துணி. பதினேழு வருஷம். புருஷனுக்கும் சொன்னதில்லை.

வகிதா அந்தப் படிவத்தைக் கட்டின் மேல் வைத்தாள்.

"பன்னிரண்டு."

அவ்வளவுதான் சொன்னாள். கயிற்றைச் சுருட்டி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள். "வெளியே அமுதினி டீச்சர் இருக்காங்க. இனிமே வரமாட்டாங்களாம்."

அமுதினி, பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மூன்றாவது குழந்தைக்கு ஏழு மாதம். இடுப்பு வலி என்று வந்தவள். பதினொன்றாவது ‘இல்லை’ அவளுடையது. மடியிலிருந்த பையிலிருந்து ஒரு கவர் எட்டிப் பார்த்தது. மேலே ‘ராஜினாமாக் கடிதம்’ என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுக்கப்போகிறாள்.

வழக்கமாக ஜெசிந்தா நின்றுகொண்டுதான் கேள்வி கேட்பாள், கையில் பேனாவோடு. இன்று பெஞ்சில் அமுதினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேலையை ஏன் விடுறீங்க டீச்சர்?"

"முட்டி வலி சிஸ்டர். பிள்ளைங்களுக்குக் குதிச்சுக் காட்ட முடியல."

ஜெசிந்தா கயிற்றைப் பார்த்தாள். அப்புறம், இருபத்திரண்டு வருஷமாக இறங்காத குரலை இறக்கினாள்.

"எனக்கும் அதே முட்டி வலிதான். தும்மினா வரும்."

அமுதினி மெல்லத் திரும்பினாள்.

"சின்னவன் பிறந்ததிலேருந்து. பதினேழு வருஷமாச்சு."

"பதினேழு வருஷமாவா! நர்ஸா இருந்துக்கிட்டா?"

"நர்ஸா இருந்துக்கிட்டுதான். நல்லாத் திட்டுங்க. என் பையன் நாலு கிலோ, அந்தத் தடியனையும் சேர்த்துத் திட்டுங்க."

அமுதினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் கால்மேல் கால் போட்டு, ஜெசிந்தாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஐயோ சிஸ்டர், சிரிக்க வைக்காதீங்க!" அப்படியே அழுகையும் வந்துவிட்டது.

"போன மாசம்... முன்னூறு பிள்ளைங்க முன்னால. ஒரே ஒரு குதி குதிச்சேன். அவ்வளவுதான்."

"தெரியும்மா."

"சரியாகுமா?"

"பயிற்சி இருக்கு. மூணு மாசம் விடாம செய்யணும். நானும் கூடச் செய்யறேன். முதல்ல அந்தக் கவரை இங்க குடு."

கவர் ஜெசிந்தாவின் கோட் பைக்குள் போயிற்று.

அறைக்குத் திரும்பியதும் தன் படிவத்தைத் தேடி எடுத்தாள். ‘இல்லை’களை அடித்துவிட்டு ‘ஆமாம்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றாள்.

"என் லாக்கரைத் திறந்து பார்த்தீங்களா மேடம்?"

"சேச்சே."

"பின்னே எப்படித் தெரியும்?"

வகிதா கயிற்றை டிராயருக்குள் வைத்தாள்.

"நீங்க இங்க வந்த முதல் நாள், மீட்டிங்ல எனக்குத் தும்மல் வந்துச்சு. சட்டுனு கால்மேல கால் போட்டேன். மத்தவங்க எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. நீங்க மட்டும் என் காலைப் பார்த்துட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க."